பனி விலகாத ஊர், பொழுது போகாத தெரு, யாரும் திரும்பாத நகரம்... பழைய வீடியோ கேம்களுக்குள் ஒரு சுற்றுலா!

கார் சாலையோரத்தில் மோதி நிற்கிறது. மயக்கம் தெளிந்து கண் விழிக்கிறார் ஹாரி மேசன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழு வயது மகள் செரிலைக் காணோம். இறங்கிப் பார்த்தால் நாலடிக்கு அப்பால் எல்லாமே வெள்ளை. பனிக்காலம் இல்லை, ஆனாலும் வானத்திலிருந்து பொடிப்பொடியாகப் பனி கொட்டுகிறது. எங்கோ காலடிச் சத்தம். சின்னஞ்சிறு உருவம் ஒன்று மூட்டத்துக்குள் ஓடுகிறது. "செரில்!" என்று கூப்பிட்டபடியே அவரும் பின்னால் ஓட, அந்த ஊர் அவரை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

1999-ல் ப்ளேஸ்டேஷனுக்கு வெளிவந்த 'சைலன்ட் ஹில்' என்ற வீடியோ கேமின் தொடக்கம் இது. இன்றைய கண்ணுக்கு ஹாரியின் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். நடை மரப்பாச்சி நடை. துப்பாக்கியைக் கொடுத்தால் எதிரில் நிற்பதைக்கூடத் தவறவிடுவார். இருந்தும், கால் நூற்றாண்டு கழித்தும் இந்த ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். கல்லூரியில் விளையாடியவர்கள் இன்று பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, மறுபடியும் அந்தப் பனிக்குள் இறங்குகிறார்கள்.

அவர்கள் போவது ஜெயிப்பதற்காக இல்லை. முடிவு என்னவென்று ஏற்கெனவே தெரியும். பழைய ஊரைப் பார்த்துவிட்டு வரும் ஆசைதான். அப்படிப் போய்வரத் தகுந்த மூன்று இடங்கள் இங்கே. ஒன்று கற்பனை ஊர். இன்னொன்று இன்றும் ரயிலேறிப் போகக்கூடிய தெரு. மூன்றாவது, உண்மையிலேயே இருந்து, இனி யாரும் குடியேற முடியாத நகரம். மூன்று கேம்களிலும் குறைகள் ஏராளம். அந்தக் குறைகள்தான் வழிகாட்டியாகவும் இருக்கின்றன என்பது இந்தப் பயணத்தின் சுவாரஸ்யம்.

முதல் நிறுத்தம்: சைலன்ட் ஹில்

சைலன்ட் ஹில், அமெரிக்காவின் ஏரிக்கரைச் சுற்றுலா ஊராகக் கற்பனை செய்யப்பட்டது. காபிக் கடை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, பொழுதுபோக்குப் பூங்கா எல்லாம் உண்டு. ஆட்கள்தான் இல்லை. ஊரைவிட்டு வெளியேறலாம் என்று சாலையோடு நடந்தால், திடீரென்று சாலை அறுந்து அதலபாதாளம் தெரியும். கையில் இருக்கும் வரைபடத்தில் ஹாரி அந்த இடத்தைப் பேனாவால் கோடிட்டுக்கொள்வார். பூட்டிக்கிடக்கும் கதவு, உடைந்த பாலம், முட்டுச்சந்து என்று பார்த்த இடமெல்லாம் குறிக்கப்பட, கொஞ்ச நேரத்தில் அந்த வரைபடம் முழுக்கச் சிவப்புக் கிறுக்கல். வழி காட்ட வேண்டிய வரைபடம், வழியில்லை என்பதைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

தெருப் பெயர்களை நின்று படிப்பவர்களுக்கு ஒரு பரிசு இருக்கிறது. 'சைக்கோ' நாவலை எழுதிய ராபர்ட் ப்ளாக் பெயரில் ஒரு தெரு. ரே பிராட்பரி, ரிச்சர்ட் மாத்திசன் ஆகியோருக்குத் தலா ஒரு தெரு. ஸ்டீபன் கிங்கின் புனைபெயரான 'பாக்மேன்' பெயரில் ஒரு சாலை. பள்ளியின் பெயரான 'மிட்விச்', ஜான் விண்டம் எழுதிய நாவலில் வரும் கிராமம். அந்தப் பள்ளிக் கட்டடத்தின் சாயலோ, அர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் நடித்து 1990-ல் வெளிவந்த 'கிண்டர்கார்டன் காப்' நகைச்சுவைப் படத்தில் வரும் பள்ளியினுடையது. அந்தப் படம் எடுக்கப்பட்டது ஓரிகன் மாநிலத்தின் அஸ்டோரியா என்ற ஊரில். ஜப்பானில் உட்கார்ந்து அமெரிக்க ஊர் ஒன்றைக் கட்டிய கெய்ச்சிரோ டொயாமா தலைமையிலான கொனாமி நிறுவனக் குழு, புத்தகங்களிலும் படங்களிலும் பார்த்த அமெரிக்காவைத்தான் செங்கல்லாக அடுக்கியது. பார்க்காத ஊரைக் கனவில் கண்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது சைலன்ட் ஹில்.

சரி, ஏன் இவ்வளவு பனி?

இதற்கு விடை, பேயிடம் இல்லை. பெட்டிக்குள் இருந்த சில்லுகளில் இருக்கிறது. முதல் ப்ளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் வெறும் 2 எம்.பி. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பெரிது. 1996-ல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' போன்ற திகில் கேம்கள், முன்கூட்டியே வரைந்து வைத்த படங்களைப் பின்னணியில் மாட்டி, அதன்மேல் ஆட்களை மட்டும் நடக்கவிட்டன. சைலன்ட் ஹில் குழுவோ, தெருத்தெருவாக நடந்து திரியக்கூடிய ஊரையே முப்பரிமாணத்தில் வரையத் துணிந்தது. பெட்டியால் கொஞ்ச தூரத்துக்குத்தான் வரைய முடிந்தது. அதற்கு அப்பால் இருக்கும் வெறுமையை எதைப் போட்டு மூடுவது? பகலில் பனி, இரவில் இருட்டு. ஹாரியின் சட்டைப் பையில் செருகிய சின்ன டார்ச் விழும் இடம் மட்டும் வெளிச்சம்.

ஏழ்மையை மறைக்கப் போட்ட அந்தத் திரைதான் கடைசியில் கேமின் உயிரானது. எதிரில் என்ன வருகிறது என்பது தெரியாது. ஆனால் வருவது தெரியும். ஹாரியிடம் இருக்கும் பாக்கெட் ரேடியோ, பூதங்கள் நெருங்கினால் கரகரக்கத் தொடங்கும். பனிக்குள் நின்றுகொண்டு, கரகரப்பு கூடுகிறதா குறைகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் ஆட்கள் இன்றும் அங்கே போகிறார்கள். இசையமைத்த அகிரா யமவோகா, இரும்பை இரும்பால் அறுப்பது போன்ற சத்தங்களைத்தான் பல இடங்களில் இசையாகத் தந்திருக்கிறார். எது இசை, எது ஆபத்து என்று பிரிக்க முடியாமல் திணறுவதும் இந்தப் பயணத்தின் ஒரு பகுதி.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. மேல் பொத்தானை அழுத்தினால் ஹாரி தன் முகம் இருக்கும் திசையில் போவார். இடமும் வலமும் அழுத்தினால் நின்ற இடத்திலேயே திரும்புவார். பீரங்கி வண்டி ஓட்டுவது போன்ற இந்த முறைக்கு விரல் பழக அரை மணி நேரமாவது ஆகும். பாத்திரங்கள் பேசும்போது ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே, யாரோ பக்கம் புரட்டுவது போல ஒரு மௌனம். ஆனால் ஹாரி எழுத்தாளர், போர்வீரர் இல்லை. கொஞ்சம் ஓடினால் நின்று மூச்சு வாங்குவார். குறி தப்பும். மகளைத் தேடும் ஒரு சாதாரண அப்பா அப்படித்தானே இருப்பார்?

குறைகளைத் துடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. இந்தத் தொடரின் இரண்டாம், மூன்றாம் பாகங்கள் 2012-ல் புதிய கருவிகளுக்காக உயர் தெளிவுத்திறனில் மறுபடி வெளியாயின. முழுமையடைந்த பழைய நிரல் பாதுகாக்கப்படாததால், அரைகுறையான பிரதியிலிருந்தே வேலை செய்ய வேண்டியிருந்தது. வந்து பார்த்தால், சில இடங்களில் பனி மெலிந்திருந்தது. எல்லையில்லாமல் விரிந்ததாகத் தோன்றிய ஏரி, பாதியில் முடிந்துபோவது பளிச்சென்று தெரிந்தது. மேடை நாடகத்தில் படுதாவைச் சற்றே நகர்த்தி, பின்னால் இருக்கும் மூங்கிலைக் காட்டிவிட்டது போல. ரசிகர்கள் கொதித்தார்கள். படம் தெளிவானது, ஊர் காணாமல் போனது.

இரண்டாவது நிறுத்தம்: டொபுயிடா தெரு, யோகோசுகா

சைலன்ட் ஹில் வந்த அதே ஆண்டு, டிசம்பர் 29 அன்று, சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் கருவிக்கு வெளிவந்தது 'ஷென்மூ'. உருவாக்கியவர் யூ சுசுகி. கதை நடப்பது 1986-ம் ஆண்டின் குளிர்காலம். இடம், டோக்கியோவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் துறைமுக நகரமான யோகோசுகா.

பள்ளி மாணவன் ரியோ ஹசுகியின் கண்ணெதிரே, அவன் அப்பா கொல்லப்படுகிறார். கொன்றவனைத் தேடிப் புறப்படுகிறான் ரியோ. எப்படித் தேடுகிறான்? தெருவில் இறங்கி, பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்தி, "அன்றைக்கு ஒரு கறுப்பு காரைப் பார்த்தீர்களா?" என்று கேட்கிறான். பூக்கடையில் கேட்கிறான். ஹாட் டாக் வண்டிக்காரரிடம் கேட்கிறான். மாலுமிகள் எங்கே கூடுவார்கள் என்று கேட்டுக் கேட்டே பல நாட்கள் கழிகின்றன. பழிவாங்கும் கதை என்று நம்பி வந்தவர்களுக்கு, அக்கம்பக்கத்தினரிடம் விசாரித்தபடி தெருத்தெருவாக அலையும் கதைதான் கிடைக்கும்.

இந்தக் கேமின் பெரிய குறை என்று எல்லோரும் சொல்வது ஒன்றே: பொழுது போகாது. இரவு ஏழு மணிக்கு ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்றால், காலையிலிருந்து ஏழு மணி வரை காத்திருக்க வேண்டும். நேரத்தைத் தள்ளிவிடும் வசதி முதல் பாகத்தில் இல்லை. என்ன செய்வது? நடக்கலாம். கடையில் காசு போட்டுப் பொம்மை எடுக்கலாம். கேம் சென்டருக்குப் போனால், சுசுகியே 1985-ல் உருவாக்கிய 'ஹாங்-ஆன்', 'ஸ்பேஸ் ஹாரியர்' இயந்திரங்கள் முழுதாக ஆடக் கிடைக்கும். காரில் அடிபட்டுத் தாயை இழந்த பூனைக்குட்டி ஒன்று கோயில் பக்கம் இருக்கிறது. அதற்குச் சாப்பாடு வைக்கலாம். வீட்டில் மேஜை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். உள்ளே பெரும்பாலும் உபயோகமான எதுவும் இருக்காது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இனே-சான் என்ற அம்மாள் தினமும் ரியோவின் கைச்செலவுக்கு 500 யென் வைத்துவிட்டுப் போவார். நேரங்கழித்து வந்தால் கவலைப்படுவார். அப்பாவை இழந்த பையன், பழிவாங்கும் வெறியில் திரிகிறான். அவனுக்காக ஒரு வீடு, தினமும் விளக்கேற்றிக் காத்திருக்கிறது. கேம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பெரிதாகப் பேசாது. அந்த 500 யென் மட்டும் தினமும் இருக்கும்.

பிற்பாதியில் ரியோவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் சரக்குப் பெட்டிகளை ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு மாற்ற வேண்டும். காலையில் போய், மதியம் சாப்பிட்டு, மாலையில் திரும்பி, மறுநாள் மறுபடியும் போக வேண்டும். திரைக்கு முன்னால் அமர்ந்து இதைச் செய்தவர்கள், முதல்நாள் சலித்துக்கொண்டார்கள். நாலாம் நாள் சரக்கை அழகாக அடுக்கியதற்காகச் சந்தோஷப்பட்டார்கள். 25 ஆண்டுகள் கழித்தும் ஷென்மூ பற்றிப் பேச்செடுத்தால் சண்டைக் காட்சிகளுக்கு முன்னால் ஃபோர்க்லிஃப்ட்தான் நினைவுக்கு வருகிறது என்றால், அந்த வேலைநாட்கள் விளையாடியவர்களின் வாழ்நாட்களோடு கலந்துவிட்டன என்றுதானே அர்த்தம்?

இந்தத் தெரு உண்மையில் இருக்கிறது. டொபுயிடா என்றால் சாக்கடையை மூடும் பலகை என்று பொருள். அமெரிக்கக் கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில், பார்களும் துணிக்கடைகளுமாக நீளும் தெரு. போருக்குப் பிறகு இங்கே வந்த அமெரிக்கச் சிப்பாய்கள், பட்டுத்துணியில் புலியும் டிராகனும் பூத்தையல் போட்ட ஜாக்கெட்டுகளை நினைவுப்பொருளாக வாங்கிப் போனார்கள். யோகோசுகாவின் பெயரைப் பாதி வெட்டி ஒட்டி 'சுகாஜான்' என்று பெயர்பெற்ற அந்த ஜாக்கெட்டுகள் இன்றும் இந்தத் தெருவின் அடையாளம். ஷென்மூ ரசிகர்களுக்கென்றே, கேமில் வரும் இடங்களைக் காட்டும் வழிகாட்டி வரைபடம் ஒன்றும் யோகோசுகாவில் அச்சிடப்பட்டது. வெளிநாடுகளிலிருந்து வருகிறவர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, போன் செய்த இடம் எது, படிக்கட்டு எது என்று தேடுகிறார்கள்.

போகிறவர்கள் பசியோடு போவது நல்லது. யோகோசுகாவின் பெருமைக்குரிய சாப்பாடு 'கடற்படைக் கறி'. பிரிட்டிஷ் கடற்படை வழியாக ஜப்பானியக் கடற்படைக்குப் போன உணவு இது. 1908-ல் வெளியான கடற்படைச் சமையல் நூலின் செய்முறையை வைத்து, சோறு, சாலட், ஒரு டம்ளர் பாலுடன் பரிமாறுகிறார்கள். ஷென்மூ வெளிவந்த அதே 1999-ல்தான் யோகோசுகா தன்னைக் 'கறி நகரம்' என்று அறிவித்துக்கொண்டது. ஜப்பானியர்கள் 'கரே' என்று சொல்லும் அந்தச் சொல்லின் வேர் நம்முடைய 'கறி' என்பது, கடல் தாண்டிச் சாப்பிடும் தமிழருக்குக் கூடுதல் ருசி.

கேமுக்குள் இன்னும் ஒரு விநோதம். ஒருமுறை முடித்தவர்கள், 1986-ம் ஆண்டு யோகோசுகாவின் உண்மையான வானிலைப் பதிவுகளின்படி வெயிலும் மழையும் பனியும் மாறும் வகையில் மறுபடி விளையாடலாம். என்றைக்கோ ஒருநாள், அந்தத் துறைமுகத்தில் யாரோ குடை மறந்து நனைந்த அதே மழை, இன்றைக்கும் அதே தேதியில் பெய்கிறது. இதற்கெல்லாம் செலவு? விளம்பரத்தோடு சேர்த்து 4.7 கோடி டாலர் என்று 2011-ல் சுசுகி சொன்னார். அந்தக் காலத்துக்கு அது மலைக்கவைக்கும் தொகை. 2001-ல் ட்ரீம்காஸ்ட் தயாரிப்பே நின்றது. அதே ஆண்டு இரண்டாம் பாகம் வந்து, கதை அந்தரத்தில் நின்றது. 2015-ல் ரசிகர்களிடம் நிதி திரட்டியபோது 69,000-க்கும் அதிகமானோர் சேர்ந்து 63 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 2019-ல் மூன்றாம் பாகம் வந்தது. கதை இன்னமும் முடியவில்லை. ரியோ இன்னும் வீடு திரும்பவில்லை.

மூன்றாவது நிறுத்தம்: பிரிப்யாட்

கடைசி நிறுத்தத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

உக்ரைனின் பிரிப்யாட் நகரம், செர்னோபில் அணுமின் நிலைய ஊழியர்களுக்காக 1970-ல் உருவாக்கப்பட்டது. 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் நான்காம் உலை வெடித்தது. மறுநாள் பிற்பகல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளில் ஏறக்குறைய 49,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். மூன்று நாட்களுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த மூன்று நாட்கள் முடியவே இல்லை. மே 1 அன்று திறப்பதாக இருந்த பூங்காவின் ராட்டினம், மஞ்சள் தொட்டில்களோடு அப்படியே நிற்கிறது.

அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் தலைநகர் கீவில் இயங்கியது ஜி.எஸ்.சி. கேம் வேர்ல்டு நிறுவனம். 2007-ல் அவர்கள் வெளியிட்ட கேம், 'ஸ்டாக்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில்'. பெயர் வந்த வழி சுவையானது. ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் 1972-ல் எழுதிய 'ரோட்சைட் பிக்னிக்' நாவலில், மர்மங்கள் நிறைந்த தடைசெய்யப்பட்ட மண்டலம் ஒன்று வரும். உயிரைப் பணயம் வைத்து அதற்குள் நுழைகிறவர்கள்தான் 'ஸ்டாக்கர்'கள். அதைத் தழுவி 1979-ல் தார்க்கோவ்ஸ்கி படம் எடுத்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, அப்படியொரு மண்டலம் நிஜமாகவே உருவானது.

கேமை உருவாக்கியவர்கள் மண்டலத்துக்குள் போய்ப் புகைப்படங்கள் எடுத்து வந்தார்கள். அந்தப் படங்களைக் கொண்டு செங்கல் உதிர்ந்த சுவர்கள், துருப்பிடித்த வண்டிகள், புல் முளைத்த தார்ச்சாலைகள், பிரிப்யாட்டின் ஹோட்டல், கலாசார மாளிகை, ராட்டினம் எல்லாவற்றையும் எழுப்பினார்கள். 2001-ல் அறிவிக்கப்பட்ட கேம், தள்ளித்தள்ளிப் போய் ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. வந்தபோதும் ஓட்டைகள். நடுவில் நின்றுபோகும். கொடுத்த வேலையை முடித்தாலும் முடித்ததாகக் கணக்கில் வராது. ஆபத்தான நேரத்தில் கூட்டாளி கதவிடுக்கில் சிக்கிக்கொள்வார். ரசிகர்களே திருத்தங்கள் எழுதி இன்றுவரை ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் மண்டலத்துக்குள் ஒரு மாலைப்பொழுது நடந்து பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டைகள் மறந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து எங்கே இருக்கிறது என்று அறிய, இரும்பு போல்ட்டை எறிந்து பார்த்து எறிந்து பார்த்துத்தான் அடியெடுத்து வைக்க வேண்டும். தூரத்தில் நாய்கள் ஊளையிடும். கதிர்வீச்சு மானி டிக்டிக்கென்று எண்ணும். இருட்டியதும் எங்கோ ஒரு நெருப்பு தெரியும். கிட்டப் போனால், நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கிட்டார் வாசிப்பார். அந்த ஆட்கள் விளையாடுபவருக்காக மட்டும் காத்திருப்பவர்கள் இல்லை. அவரவர் வேலையாக அலைவார்கள், மோதுவார்கள், சாவார்கள். அப்படி வடிவமைக்கப்பட்ட நிரல், பல சமயம் கிறுக்குத்தனமாக நடந்துகொள்ளும். அந்தக் கிறுக்குத்தனமே மண்டலத்துக்கு உயிர் இருப்பதாக நம்பவைக்கும்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. 49,000 பேர் வாழ்ந்த ஊர் அது. யாரோ ஒருவரின் சமையலறை, யாரோ ஒரு குழந்தையின் தொட்டில். அதற்குள் பூதங்களை உலவவிட்டு, துப்பாக்கியோடு ஆட்களை அனுப்புவது சரியா? கேமில் பிரிப்யாட்டை அடையும்போது, எதிரிகள் மாடிகளிலிருந்து சுட்டுக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலானவர்கள் ராட்டினத்தை நின்றுகூடப் பார்க்காமல் ஓடிவிடுவார்கள். சோகம் நடந்த வீட்டில் கூச்சல் போடுவது போலத்தான் இது என்று சொன்னால், அதை எளிதில் மறுக்க முடியாது.

மறுபக்கமும் உண்டு. இதை உருவாக்கியவர்கள் எங்கிருந்தோ வந்து வேடிக்கை பார்த்தவர்கள் இல்லை. அந்த விபத்து நடந்த நாட்டுக்காரர்கள். அதிகாரபூர்வச் சுற்றுலா 2011-ல் தொடங்குவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, பிரிப்யாட் என்ற பெயரை உலகெங்கும் இளைஞர்களின் வாயில் புழங்கவைத்தது இந்தக் கேம். இதை ஆடிவிட்டு, உண்மையில் அங்கே என்ன நடந்தது என்று தேடிப் படித்தவர்கள் ஏராளம். பின்னர் 2019-ல் வந்த 'செர்னோபில்' தொலைக்காட்சித் தொடரும் சேர்ந்துகொள்ள, அந்த ஓராண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மண்டலத்தைப் பார்க்கப் போனார்கள்.

இன்று யாரும் போக முடியாது. 2022 பிப்ரவரி 24 அன்று, போரின் முதல் நாளிலேயே, ரஷ்யப் படைகள் செர்னோபிலைக் கைப்பற்றின. மார்ச் இறுதியில் விலகிப் போனார்கள். சுற்றுலா நின்றது நின்றதுதான். ஜி.எஸ்.சி. குழுவில் ஒரு பகுதியினர் செக் குடியரசின் பிராக் நகருக்கு இடம்பெயர்ந்தார்கள். சிலர் ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஸ்டாக்கர் வரிசையின் 'கிளியர் ஸ்கை' கேமில் பணியாற்றிய வொலொதிமிர் யெஷோவ், 2022 டிசம்பரில் பாக்முத் அருகே நடந்த சண்டையில் உயிரிழந்தார். எஞ்சியவர்கள் 2024 நவம்பரில் 'ஸ்டாக்கர் 2'-ஐ வெளியிட்டார்கள். அதிலும் ஓட்டைகள் இருந்தன. இம்முறை அதைப் பற்றிக் கோபப்படப் பலருக்கு மனம் வரவில்லை.

2007-ல், 'அங்கே நேரில் போக முடியாவிட்டாலும் இதிலாவது பார்க்கலாம்' என்று சொன்னார்கள். நடுவில் சில ஆண்டுகள் நேரிலேயே போக முடிந்தது. இப்போது மறுபடியும் இதிலாவது பார்க்கலாம் என்ற நிலை. அந்தப் பழைய கேமில் இருப்பது, 2000-களின் தொடக்கத்தில் கீவிலிருந்து போன சில இளைஞர்களின் கேமராவில் பதிந்த பிரிப்யாட். கூரைகள் அதன்பிறகு இன்னும் இடிந்திருக்கின்றன. மரங்கள் இன்னும் வளர்ந்திருக்கின்றன.

ஊரைக் காக்கும் பெட்டி, பெட்டியைக் காப்பது யார்?

மூன்று ஊர்களையும் சுற்றி வந்த பிறகு ஒன்று புரியும். பனி, காத்திருப்பு, கிறுக்குத்தனம். இந்த மூன்றும் குறைகளாகத்தான் பிறந்தன. இன்றைய கேம்களில் மலையுச்சியில் நின்றால் அடிவாரம் வரை தெரிகிறது, காத்திருக்க வேண்டியதில்லை, போக வேண்டிய இடத்தை அம்புக்குறி காட்டிவிடுகிறது. வசதிதான். ஆனால் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே நடப்பவர், தெருவைப் பார்ப்பதில்லை. வழி தெரியாமல் திரிந்த ஊர்தான் மனதில் வரைபடமாகத் தங்குகிறது. ஊட்டிக்குப் பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும், மறக்காமல் இருப்பது வண்டி பழுதாகி நின்ற கொண்டை ஊசி வளைவுதான்.

கவலை என்னவென்றால், இந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஊர்களும் அழிகின்றன. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவிகிதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. நிரலைத் தொலைக்கிறார்கள். டிஸ்க் கீறல் விழுகிறது. கருவி பழுதாகிறது. உரிமை யாரிடம் என்றே தெரியாமல் போகிறது. புகழ்பெற்றவை மறு உருவாக்கத்தில் தப்பிக்கின்றன: 'சைலன்ட் ஹில் 2' புது உருவில் 2024-ல் வந்தது, முதல் பாகத்தையும் மறு உருவாக்கம் செய்வதாக 2025-ல் கொனாமி அறிவித்திருக்கிறது. இடித்துக் கட்டிய வீடு இன்னும் அழகாகவே இருக்கலாம். பழைய வீட்டின் தாழ்வான நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டது மட்டும் அதில் கிடைக்காது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* ஷென்மூ முதல் இரண்டு பாகங்கள், 2018-ல் கம்ப்யூட்டர், ப்ளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளுக்கு மறுபடி வெளியாகியிருக்கின்றன. ஸ்டாக்கர் கம்ப்யூட்டரில் கிடைக்கிறது.

* சைலன்ட் ஹில், ஸ்டாக்கர் இரண்டுமே அமெரிக்கத் தரச்சான்றின்படி 17 வயது நிரம்பியவர்களுக்கானவை. குட்டிப் பிள்ளைகள் தூங்கிய பிறகு விளையாடுவதே நல்லது. ஷென்மூவைப் பதின்வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து ஆடலாம்.

* முதல் அரை மணி நேரம் எரிச்சல் வரும். பொறுத்துக்கொள்ளவும். புது ஊரில் செருப்பு கடிக்கத்தான் செய்யும்.

* சைலன்ட் ஹில்லுக்கு ஹெட்போன் அவசியம். ரேடியோவின் கரகரப்பு அதில்தான் சரியாகக் கேட்கும்.

* டொபுயிடாவில் வேலை இல்லாத நாட்களில், பூனைக்குட்டியைப் பார்க்க மறக்க வேண்டாம்.

* பிரிப்யாட்டில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு, ஒருமுறை திரும்பி வந்து அந்த ராட்டினத்தின் அடியில் நிற்கலாம். கேமில் அதற்குப் புள்ளிகள் கிடையாது. மே 1 அன்று அதில் ஏற ஆசையாகக் காத்திருந்த பிள்ளைகள், இன்று எங்கேயோ நாற்பது, ஐம்பது வயதில் இருப்பார்கள்.